501 யூனிட்டுக்கு 902 ரூபாய் 25 காசு: என் கரண்ட் பில் நிரலில் என்ன தப்பு?

வாசல்படி | செவ்வாய், இரவு 9:14

வணக்கம். பி.சி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். பைத்தான் லேபில் வீட்டுக் கரண்ட் பில் போடும் நிரல் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியல்படி கணக்கிட வேண்டும். அதற்கப்புறம் 2024-லும் கட்டணம் மாறியது தெரியும், ஆனால் தாளில் கொடுத்திருப்பது இதுதான். எல்லாமே இரண்டு மாதக் கணக்கு.

முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25. 201 முதல் 400 வரை 4.50. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 501 முதல் 600 வரை 8. 601 முதல் 800 வரை 9. 801 முதல் 1000 வரை 10. அதற்கு மேல் 11. தாளின் அடியில் மானியம் பற்றிப் பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது. கணக்குக்கு அது தேவைப்படாது என்று விட்டுவிட்டேன்.

போனிலிருந்து எழுதுகிறேன். கீபோர்டை மாற்றி மாற்றி அடிக்கப் பொறுமை இல்லை, அதனால் பைத்தான் சொற்களையும் தமிழிலேயே தட்டிவிட்டேன் (இஃப் என்றால் "இப்படி இருந்தால்").

யூனிட் = இன்ட்(இன்புட்())
தொகை = 0
இஃப் யூனிட் > 100:
    தொகை = (யூனிட் - 100) * 2.25
இஃப் யூனிட் > 200:
    தொகை = 225 + (யூனிட் - 200) * 4.50
இஃப் யூனிட் > 400:
    தொகை = 1125 + (யூனிட் - 400) * 6
இஃப் யூனிட் > 500:
    தொகை = 1725 + (யூனிட் - 500) * 8

(600-க்கு மேலும் இதே மாதிரிதான் போகிறது.)

இது ஓடியது. பக்கத்து மேஜை நண்பன் பார்த்துவிட்டு, "இத்தனை இஃப் போடக்கூடாது, முதல் இஃப் தவிர மற்றதை எல்லாம் எலிஃப் ஆக்கு" என்றான். ஆக்கினேன். இப்போது 501 கொடுத்தால் 902.25 வருகிறது. 300-க்கு 450 வருகிறது. வேறு எதையும் தொடவில்லை. எலிஃப் என்பது இஃப்-இன் சுருக்கம்தானே?


அரைப்புள்ளி | செவ்வாய், இரவு 9:40

சுருக்கம் இல்லை தம்பி. எலிஃப் என்றால் "மேலே இருப்பது எதுவும் பொருந்தாவிட்டால் மட்டும் இதைப் பார்" என்று பொருள்.

501-ஐக் கையில் எடுத்துக்கொண்டு உன் முதல் நிரலுக்குள் நடந்து பார். 100-ஐ விடப் பெரிதா? ஆம், தொகை 902.25. 200-ஐ விடப் பெரிதா? ஆம், பழையதை அழித்துவிட்டுப் புதுத் தொகை. 400, 500 இரண்டிலும் அதே கதை. நான்கு கேள்விக்கும் ஆம், நான்கு முறை தொகை மாற்றி எழுதப்பட்டது, கடைசியாக எழுதியது நின்றது. அதாவது உன் நிரல் சரியாக ஓடியதே படிகள் ஏறுவரிசையில் இருந்த அதிர்ஷ்டத்தால்தான். நடுவில் இரண்டை இடம் மாற்றியிருந்தால் அப்போதே கவிழ்ந்திருக்கும்.

எலிஃப் போட்ட பிறகு முதலில் ஆம் சொன்னவரோடு கதை முடிந்தது. 501, 300, 2000 எல்லாமே 100-ஐ விடப் பெரியவைதான், எல்லாம் முதல் வாசலிலேயே உள்ளே போய்விடுகின்றன. மற்ற வரிகள் ஒருபோதும் ஓடாது.

வரிசையைத் தலைகீழாக்கு. 1000-க்கு மேலா என்று முதலில் கேள், அப்புறம் 800, 600 என்று இறங்கி வா. அல்லது கேள்வியை மாற்று: 100 அல்லது அதற்குக் கீழா, இல்லையென்றால் 200 அல்லது அதற்குக் கீழா என்று ஏறு. இரண்டும் ஒன்றுதான். எனக்கு இரண்டாவது பிடிக்கும், தாளில் இருக்கும் வரிசை அப்படியே வருகிறது.


சும்மாபார்ப்பவன் | செவ்வாய், இரவு 9:52

நண்பர்கள் சொன்னதைக் கேட்டு ஓடுகிற நிரலைத் தொட்டவர்கள் சங்கத்துக்கு வரவேற்கிறேன்.


வாசல்படி | செவ்வாய், இரவு 10:25

நன்றி அக்கா. ஏறுவரிசையில், "<=" போட்டு மாற்றிவிட்டேன். 300-க்கு 675 வருகிறது, 500-க்கு 1725. சரி என்று நினைத்தால் 501-க்கு 1733 வருகிறது. தாளின் பின்பக்கத்தில் 501-க்கு 1958 என்று விடை போட்டிருக்கிறது. ஒரு யூனிட் கூடினால் 8 ரூபாய்தானே கூட வேண்டும்? அச்சுப் பிழையாக இருக்குமா?


மீட்டர்பெட்டி | புதன், காலை 6:05

அச்சுப் பிழை இல்லை. நீ விட்டுவிட்டேன் என்று சொன்ன பொடி எழுத்தில்தான் விடை இருக்கிறது.

நான் பல வருடம் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவன். நிரல் தெரியாது, பில் தெரியும். அந்தப் பட்டியலில் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை 4.50-தான். பாதியை அரசு மானியமாகக் கொடுப்பதால் 2.25 ஆகிறது. மொத்தப் பயன்பாடு 500-க்குள் இருந்தால்தான் அந்த மானியம். 501 ஆனதும் 101-இலிருந்தே 4.50 போட்டுக் கணக்கிட வேண்டும். 300 யூனிட்டுக்கு 1350, அடுத்த 100-க்கு 600, கடைசி ஒரு யூனிட்டுக்கு 8. மொத்தம் 1958.

அந்தப் பட்டியல்படி 500 யூனிட் எரித்தவர் 1725 கட்டுவார். ஒரு யூனிட் கூட எரித்தவர் 233 ரூபாய் கூடக் கட்டுவார். இதைப் புரியவைக்க எத்தனை வாசல்களில் நின்றிருக்கிறேன் தெரியுமா? இதாவது பரவாயில்லை. 2017 பட்டியலில் 500-க்கு 1130, 501-க்கு 1786 ரூபாய் 60 காசு. ரீடிங் எடுக்கும் நாள் நெருங்கினால் மீட்டரைப் பார்த்துப் பார்த்து மோட்டார் போடுவார்கள்.


சும்மாபார்ப்பவன் | புதன், காலை 7:30

அப்போ சுலபம். வித்தியாசம் எப்போதும் 225-தான் (100 யூனிட், 2.25 மானியம்). கடைசியில் "யூனிட் > 500 என்றால் தொகையோடு 225 கூட்டு" என்று ஒரு வரி சேர்த்துவிடு. முடிந்தது.


வாசல்படி | புதன், காலை 8:02

சேர்த்துவிட்டேன், 1958 வந்துவிட்டது! 600-க்கு 2750, அதுவும் பின்பக்க விடையோடு ஒத்துப்போகிறது. ரொம்ப நன்றி.


அரைப்புள்ளி | புதன், காலை 8:45

விடை சரி. ஆனால் அந்த வரியை அப்படியே விட்டுவிடாதே.

உன் நிரலில் இப்போது 225 இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று 200 யூனிட் வரை சேர்ந்த தொகை. இன்னொன்று பறிபோன மானியம். எண் ஒன்றாக இருப்பது தற்செயல், பொருள் வேறு. 1125, 1725 என்று நீ கையால் கூட்டிப் போட்ட எண்களும் இருக்கின்றன. நாளைக்கு 2.25 மட்டும் 2.50 ஆனால் எத்தனை எண்களைத் திருத்த வேண்டும், எந்த 225-ஐ எதுவாக மாற்ற வேண்டும் என்று யோசித்துப் பார். ஒன்றை மறந்தாலும் நிரல் முறைக்காது, தவறான பில்லைச் சிரித்துக்கொண்டே கொடுக்கும்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மீட்டர்பெட்டி ஐயா சொன்னதை இன்னொரு முறை படி. முதல் கேள்வி, இந்த வீட்டுக்கு எந்தப் பட்டியல்? அதற்கு மொத்த யூனிட்டைப் பார்த்தால் போதும், 500-க்குள்ளா வெளியேயா. இரண்டாவது கேள்வி, அந்தப் பட்டியலில் ஒவ்வொரு யூனிட்டும் எந்தப் படியில் விழுகிறது? நீ இரண்டையும் ஒரே இஃப் ஏணியில் ஏற்றியதால்தான் 501 வந்ததும் ஏணி ஆடியது.

இஃப் யூனிட் <= 500:
    பட்டியல் = மானியப்பட்டியல்
எல்ஸ்:
    பட்டியல் = முழுப்பட்டியல்
தொகை = கணக்கிடு(பட்டியல், யூனிட்)

விதியைத் தமிழில் இரண்டு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் நிரலிலும் இரண்டு துண்டாக எழுது. வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது.


கோலப்பொடி | புதன், மதியம் 1:10

மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கிறேன். இந்த இழையை மாணவர்களுக்குக் காட்டலாம் போலிருக்கிறது. நிபந்தனைகளில் நான் வருடாவருடம் பார்க்கும் இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன், வாசல்படி இன்னும் விழவில்லை என்றால் விழப்போகிறார்.

ஒன்று, நம் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான். பைத்தானில் "100 < யூனிட் <= 200" என்று கணக்கு நோட்டில் எழுதுவது போலவே எழுதலாம், சரியாக வேலை செய்யும். அதே வரியை சி++-இல் எழுதினால் அது முதலில் "100 < யூனிட்" என்பதைப் பார்த்து 0 அல்லது 1 ஆக்கிக்கொள்ளும். அப்புறம் அந்த 0 அல்லது 1, 200-க்குள் இருக்கிறதா என்று கேட்கும். இல்லாமல் எங்கே போகும்? எப்போதும் உண்மைதான். பிழைச் செய்தியும் வராது, நிரல் பாட்டுக்கு ஓடும்.

இரண்டாவது இது:

இஃப் வகை == "வீடு" ஆர் "இல்லம்":
    இலவசயூனிட் = 100

இதைத் தமிழில் வாசித்தால் குற்றமே தெரியாது. "வகை வீடோ இல்லமோ என்றால்" என்று நம் காது நிரப்பிக்கொள்கிறது. பைத்தானுக்கு அந்தக் காது இல்லை. வகை வீடா என்று ஒரு கேள்வி, "இல்லம்" என்ற சொல் தனியாக இன்னொரு கேள்வி. வெற்றாக இல்லாத எந்தச் சரமும் (மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துக் கோவை) அதற்கு உண்மை. ஆக, "கடை" என்று தட்டினாலும் 100 யூனிட் இலவசம். இரு பக்கமும் முழு வாக்கியமாக எழுத வேண்டும்: வகை == "வீடு" ஆர் வகை == "இல்லம்".


சும்மாபார்ப்பவன் | புதன், மதியம் 1:18

கடைக்கும் 100 யூனிட் இலவசமா? தேர்தல் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள் டீச்சர்.


வாசல்படி | புதன், இரவு 8:50

டீச்சர், அந்த இரண்டாவது தவறை நேற்றே செய்தேன். வெட்கமாக இருந்ததால் இங்கே சொல்லவில்லை.

பயிற்சியின் இரண்டாம் பகுதிக்கு வந்துவிட்டேன். ஒரே கட்டடத்தில் உள்ள இணைப்புகளுக்குக் கிளாஸ் (தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒன்றாக வைக்கும் அச்சு) எழுதி பில் போட வேண்டும். எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டேன், கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள்.

கிளாஸ் மின்இணைப்பு:
    ரீடிங்குகள் = []
    டெஃப் இனிட்(செல்ஃப், பெயர்):
        செல்ஃப்.பெயர் = பெயர்
    டெஃப் சேர்(செல்ஃப், ரீடிங்):
        செல்ஃப்.ரீடிங்குகள்.அப்பெண்ட்(ரீடிங்)
    டெஃப் யூனிட்(செல்ஃப்):
        ரிட்டர்ன் செல்ஃப்.ரீடிங்குகள்[-1] - செல்ஃப்.ரீடிங்குகள்[-2]

கீழ்வீடு.சேர்(14210)
மாடி.சேர்(8020)
கீழ்வீடு.சேர்(14690)
மாடி.சேர்(8115)

கீழ்வீட்டுக்கு 480 யூனிட், 1605 ரூபாய் வர வேண்டும். மாடிக்கு 95 யூனிட், பில் இல்லை. ஆனால் இரண்டு வீட்டுக்குமே 0 ரூபாய் என்று வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அம்மாவிடம் காட்டினேன், ரொம்ப நல்ல நிரல் என்றார்.


அரைப்புள்ளி | புதன், இரவு 9:20

அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தொகையை விடு, யூனிட்டை மட்டும் அச்சிட்டுப் பார். கீழ்வீட்டுக்கு மைனஸ் 6575 வரும், மாடிக்கும் அதே மைனஸ் 6575. எப்படி? "ரீடிங்குகள் = []" என்ற வரியை கிளாஸின் உடம்பில் நேரடியாக வைத்திருக்கிறாய். கிளாஸ் உருவாகும்போது அது ஒரே ஒரு முறை ஓடும், ஒரே ஒரு பட்டியல் பிறக்கும். இரண்டு வீடும் அந்த ஒரே நோட்டில் மாறி மாறி எழுதுகின்றன. நோட்டில் இப்போது இருப்பது 14210, 8020, 14690, 8115. கடைசி இரண்டைக் கழித்தால் மைனஸ் 6575. அது 100-ஐ விடச் சிறியது, ஆகவே இலவசம். உன் முதல் "<= 100" வாசலில் மைனஸ் எண்களும் வரிசையில் நின்று உள்ளே வந்துவிட்டன.

வீட்டுக்கு ஒரு நோட்டு வேண்டும் என்றால் அந்த வரியை இனிட்டுக்குள் கொண்டு போய் "செல்ஃப்.ரீடிங்குகள் = []" என்று எழுது. இனிட் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஓடும்.

பெயர் மட்டும் ஏன் குழம்பவில்லை என்று கேட்பாய். செல்ஃப்.பெயர் என்று சமக்குறி போட்டு எழுதியதால் அது அந்தந்தப் பொருளில், அதாவது கிளாஸிலிருந்து உருவாக்கிய அந்தந்த வீட்டில், போய் உட்கார்ந்தது. அப்பெண்ட் புதிதாக எதையும் உட்கார வைக்காது, ஏற்கெனவே இருப்பதைத் தேடிப் பிடித்து அதில் சேர்க்கும். தேடும்போது பொருளில் இல்லை, கிளாஸில் இருந்தது, அதையே எடுத்துக்கொண்டது.


சும்மாபார்ப்பவன் | புதன், இரவு 9:31

மைனஸ் வந்தால் மீட்டர் சுற்றி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு 100000 கூட்டலாமே? பழைய ஐந்து இலக்க மீட்டரில் 99999-க்குப் பிறகு 00000-தானே.


மீட்டர்பெட்டி | வியாழன், காலை 5:50

கூட்டிப் பாருங்கள். மைனஸ் 6575-உடன் 100000 கூட்டினால் 93425 யூனிட். முழுப் பட்டியலில் போட்டேன், 10,23,225 ரூபாய். அந்தப் பில்லை நீங்களே போய்க் கொடுங்கள், நான் வாசலில் நிற்கிறேன்.

மீட்டர் சுற்றுவது உண்மைதான். ஆனால் ரீடிங் குறைந்து வந்தால் காரணம் அது ஒன்று மட்டும் இல்லை. மீட்டர் மாற்றியிருப்பார்கள், புதியது சுழியத்தில் தொடங்கும். பக்கத்து மீட்டரைப் பார்த்து எழுதியிருப்பார்கள். 6-ஐ 8 என்று படித்திருப்பார்கள். நாங்கள் என்ன செய்வோம் என்றால், குறைந்து வந்தால் பில் போட மாட்டோம், குறித்துவைத்துவிட்டு ஆபீசில் கேட்போம். உங்கள் நிரலுக்கும் அப்படி ஒரு வழி இருந்தால் நல்லது.


கோலப்பொடி | வியாழன், காலை 7:15

இருக்கிறது ஐயா. பைத்தானில் ரெய்ஸ் என்று சொல்லி, "இந்த ரீடிங் முந்தையதை விடக் குறைவு" என்ற செய்தியோடு நிரலை அங்கேயே நிறுத்தலாம். அந்தச் சோதனை "சேர்" என்ற இடத்திலேயே இருக்க வேண்டும். தவறான ரீடிங்கை நோட்டில் எழுத விட்டுவிட்டு பில் போடும்போது கவலைப்படுவது தாமதம்.

கிளாஸ் எதற்கு என்று மாணவர்கள் கேட்டால் இனி இதைத்தான் சொல்லப்போகிறேன். எங்கள் பாடநூலில் இனக்குழு (கிளாஸ்), ஆக்கி (இனிட் போன்றது), உறைபொதியாக்கம் (தரவை உள்ளே வைத்துக் காப்பது) என்று சொற்கள் வரிசையாக வரும். பிள்ளைகள் வரையறையை மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் நோட்டுக்குக் காவலாக நிற்பவர்தான் கிளாஸ் என்பது பிடிபடாது. இனக்குழு என்ற சொல்லே வேறு எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது என்பது என் தனிப்பட்ட புகார். சரி, அது வேறு இழை.


நாலாம்பரிமாணம் | வியாழன், காலை 10:40

நான் கொஞ்சம் தாமதமாக வருகிறேன். இத்தனை இஃப் எதற்கு? பொருள்நோக்கு நிரலாக்கத்தின் (கிளாஸ்களை வைத்து நிரல் எழுதும் முறையின்) அழகே இஃப் இல்லாமல் எழுதுவதுதான். மின்இணைப்பு என்று ஒரு தாய்க் கிளாஸ். அதிலிருந்து இலவசஇணைப்பு (100 வரை), மானியஇணைப்பு (500 வரை), முழுக்கட்டணஇணைப்பு (500-க்கு மேல்) என்று மூன்று பிள்ளைக் கிளாஸ்கள். ஒவ்வொன்றும் தன் தொகையைத் தானே கணக்கிடட்டும். நாளைக்குப் புதுப் படி வந்தால் புதுக் கிளாஸ் எழுது, பழையதைத் தொட வேண்டாம்.


மீட்டர்பெட்டி | வியாழன், காலை 11:05

ஒரு சந்தேகம். தை, மாசியில் 420 யூனிட் எரித்த வீடு சித்திரை, வைகாசியில் ஏசி போட்டு 650 எரிக்கும். ஆடியில் மறுபடி 480. அந்த வீடு எந்தப் பிள்ளை?


நாலாம்பரிமாணம் | வியாழன், காலை 11:32

அந்தச் சுற்றுக்கு ஏற்ற கிளாஸில் புதுப் பொருள் ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.


அரைப்புள்ளி | வியாழன், மதியம் 12:20

உருவாக்கலாம். பழைய ரீடிங்குகளை, பெயரை, எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு மறுபிறவி. எந்தப் பிறவி என்று முடிவு செய்ய 500-க்குள்ளா என்று யாரோ கேட்டாக வேண்டும் அல்லவா? அந்த இஃப் எங்கும் போகவில்லை, கொல்லைப்புறத்தில் போய் நிற்கிறது.

பிள்ளைக் கிளாஸே கூடாது என்று சொல்லவில்லை. வீட்டு இணைப்பு, கடை இணைப்பு என்று பிரித்தால் பொருத்தமாக இருக்கும். வீடு ஒரு சுற்றில் கடையாகி அடுத்த சுற்றில் வீடாகாது. பொருள் கூடவே பிறந்து கடைசிவரை இருப்பதைக் கிளாஸ் ஆக்கு. சுற்றுக்குச் சுற்று மாறுவது வெறும் எண். அதை இஃப் பார்த்துக்கொள்ளட்டும், இஃப் போட்டதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம்.

நீங்கள் சொன்னதில் சரியான பாதி ஒன்று இருக்கிறது. கட்டணத்தைத் தனியாக எடுக்க வேண்டும். வாசல்படி, இணைப்புக்குள் விலையை எழுதாதே. வீட்டுக்கு அதன் ரீடிங் தெரிந்தால் போதும். விலை தெரிந்தவர் வேறு ஆள்:

கிளாஸ் பட்டியல்:
    டெஃப் இனிட்(செல்ஃப், படிகள்):
        செல்ஃப்.படிகள் = படிகள்
    டெஃப் தொகை(செல்ஃப், யூனிட்):
        மொத்தம் = 0
        கீழ் = 0
        ஃபார் மேல், விலை இன் செல்ஃப்.படிகள்:
            இஃப் யூனிட் <= கீழ்:
                பிரேக்
            மொத்தம் += (மின்(யூனிட், மேல்) - கீழ்) * விலை
            கீழ் = மேல்
        ரிட்டர்ன் மொத்தம்

மானியப்பட்டியல் = பட்டியல்([(100, 0), (200, 2.25), (400, 4.5), (500, 6)])
முழுப்பட்டியல் = பட்டியல்([(100, 0), (400, 4.5), (500, 6), (600, 8), (800, 9), (1000, 10), (முடிவிலி, 11)])

நடுவில் வரும் "மின்" மின்சாரம் இல்லை, இரண்டில் சிறியதைத் தரும் பைத்தான் செயற்கூறு. தமிழில் தட்டியதால் வந்த வினை.

தாளில் உள்ள எண்கள் மட்டும்தான் இங்கே இருக்கின்றன. 1125 இல்லை, 1725 இல்லை, அந்த இரட்டை 225-உம் இல்லை. நிரல் தானே கூட்டிக்கொள்கிறது.


நாலாம்பரிமாணம் | வியாழன், மதியம் 12:48

கொல்லைப்புற இஃப் நல்ல அடி. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் பங்குக்கு ஒரு ஓட்டை: மானியப்பட்டியலிடம் யாராவது தவறிப்போய் 700 கொடுத்தால் 500-உடன் படிகள் தீர்ந்துவிடும், அது அமைதியாக 1725 என்று சொல்லும். ரீடிங்குக்குக் காவல் வைத்தது போல இதற்கும் வைக்க வேண்டும்.


அரைப்புள்ளி | வியாழன், மதியம் 12:55

ஆமாம், அது என் தவறு. ஃபார் தொடங்கும் முன் கடைசிப் படியின் மேல் எல்லையோடு யூனிட்டை ஒப்பிட்டு, தாண்டினால் ரெய்ஸ்.


மீட்டர்பெட்டி | வியாழன், மாலை 4:30

ஒரு பரீட்சை வைக்கிறேன். 2017 பட்டியல். 200 யூனிட் வரை எரித்தவருக்கு 101-இலிருந்து 1.50, நிலைக்கட்டணம் 20. 500 வரை எரித்தவருக்கு 101 முதல் 200 வரை 2 ரூபாய், அதற்கு மேல் 3, நிலைக்கட்டணம் 30. 500-ஐத் தாண்டியவருக்கு 101 முதல் 200 வரை 3.50, 201 முதல் 500 வரை 4.60, அதற்கு மேல் 6.60, நிலைக்கட்டணம் 50. முதல் 100 எல்லோருக்கும் இலவசம், 100-க்குள் எரித்தவர் எதுவும் கட்ட வேண்டாம்.

இதை உங்கள் கிளாஸில் போட எத்தனை வரி மாற்ற வேண்டும்?


வாசல்படி | வியாழன், இரவு 10:15

முயன்றேன் ஐயா. பட்டியல் கிளாஸில் நிலைக்கட்டணம் என்று ஒரு புலம் சேர்த்தேன், எதுவும் கொடுக்காவிட்டால் 0. தொகையின் கடைசியில் அதைக் கூட்டினேன். இவ்வளவுதான் கிளாஸில் மாற்றம். மற்றது எல்லாம் எண்கள்: 100 வரை ஒன்று, 200 வரை ஒன்று, 500 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று நான்கு பட்டியல். மின்இணைப்பு கிளாஸைத் தொடவே இல்லை.

200-க்கு 170. 201-க்கு 233. 500-க்கு 1130. 501-க்கு 1786.6.

இரண்டாவதைப் பார்த்து மறுபடி பிழையோ என்று பயந்துவிட்டேன். தாளில் போட்டுப் பார்த்தால் 200 + 3 + 30, சரிதான். ஒரு யூனிட்டுக்கு 63 ரூபாய்!


மீட்டர்பெட்டி | வெள்ளி, காலை 5:55

சரியாக வந்திருக்கிறது. அந்த 201-ஐக் கேட்டு என்னோடு சண்டை போட்டவர்கள் பலர்.


கோலப்பொடி | வெள்ளி, காலை 7:40

2022 பட்டியலில் உனக்கு வராத ஒரு தொல்லை 2017-இல் ஒளிந்திருக்கிறது, ரெக்கார்டில் எழுதும் முன் பார்த்துக்கொள். 2.25, 4.50 இரண்டையும் கணினி துல்லியமாக வைத்துக்கொள்ளும், ஏனென்றால் கால், அரை எல்லாம் இரும எண்ணில் (0, 1 மட்டும் கொண்டு கணினி எழுதும் எண்) அடங்கும். 4.60, 6.60 அடங்காது. பத்தில் ஒன்று இருமத்தில் முடிவில்லாமல் போகும், கணினி ஓரிடத்தில் வெட்டிவிடும். அச்சில் 1786.6 என்று தெரிந்தாலும் "தொகை == 1786.6" என்ற சோதனை ஏதாவது ஒரு நாள் பொய்யாகும். விலைகளை எல்லாம் பைசாவில் முழு எண்ணாக வை, 660, 460 என்று. அச்சிடும்போது மட்டும் 100-ஆல் வகு.

எல்லைகளையும் சோதித்தாயா? 300, 450 மாதிரி நடுவில் இருப்பவை எப்போதும் சரியாக வரும். 100, 101, 200, 201, 400, 401, 500, 501 கொடுத்துப் பார். "<" போட வேண்டிய இடத்தில் "<=" போட்ட குற்றம் அங்கே மட்டும்தான் தெரியும்.


வாசல்படி | வெள்ளி, இரவு 9:05

பைசாவுக்கு மாற்றிவிட்டேன். 2022 பட்டியலில் எல்லைகள்: 100-க்கு 0, 101-க்கு 2.25, 200-க்கு 225, 201-க்கு 229.50, 400-க்கு 1125, 401-க்கு 1131, 500-க்கு 1725, 501-க்கு 1958.

கீழ்வீடு 1605, மாடி 0. ரீடிங்கை வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்தால் நின்றுவிடுகிறது. அந்த 225 கூட்டும் வரியை எடுத்துவிட்டேன், சும்மாபார்ப்பவன் அண்ணா மன்னிக்கவும்.

அம்மாவிடம் திருத்திய நிரலைக் காட்டினேன். பழையதே நன்றாக இருந்தது என்கிறார்.


சும்மாபார்ப்பவன் | வெள்ளி, இரவு 9:11

நானும் அம்மா கட்சிதான்.


வாசல்படி | சனி, மதியம் 2:20

லேப் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியாயிற்று. இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிட்டேன். அடுத்த வாரப் பயிற்சி கடை இணைப்பு, அதற்குத் தனி இழை திறக்கிறேன். நாலாம்பரிமாணம் அண்ணா, பிள்ளைக் கிளாஸோடு அங்கே வாருங்கள்.